பாதியில் விட்ட மணிவேலை

பகவத் கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் அர்ஜுனன் ஒரு கேள்வி கேட்கிறான். நம்ம சமய வகுப்புகளில் அந்த இடத்தில் யாரும் அவ்வளவாக நின்று பேசுவதில்லை. மனசு காற்று மாதிரி, அதை எப்படி அடக்குவது என்று அவன் புலம்புகிற இடம் எல்லாருக்கும் தெரியும். கண்ணன் சொல்கிற பதிலும் தெரியும்: அப்பியாசம், வைராக்கியம். அதாவது விடாத பயிற்சியும் பற்றில்லாத மனசும். அத்தோடு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் அர்ஜுனன் விடவில்லை. நம்பிக்கையோடு ஆரம்பித்த ஒருவன் நடுவில் தளர்ந்துபோய் விட்டுவிட்டால் அவன் கதி என்ன என்று கேட்கிறான். இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் அவன் காணாமல் போய்விடுவானா?

அவன் கேட்டது யோகத்தைப் பற்றி. நான் அதே கேள்வியை மணிவேலையை வைத்துக் கேட்கப் போகிறேன். ஆமாம், சேலை பிளவுஸில் மணி தைக்கிற அந்த வேலைதான். குருக்ஷேத்திரத்தில் கேட்ட கேள்வியைத் தையல் அறைக்குக் கொண்டுவருவது கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால் பாதியில் விடுவது என்பது நம் வயசில் எல்லாருக்கும் நடக்கிற விஷயம். படிவம் 5 வரைக்கும் தேவாரம் பாடியவர்கள், மிருதங்கம் வாசித்தவர்கள், பரதம் ஆடியவர்களில் எத்தனை பேர் எஸ்.பி.எம். வருஷத்தோடு நிறுத்தினோம்? அடுத்த கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. என் அம்மா வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்பவர். மரச் சட்டத்தில் துணியைத் தப்புத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுவார். டிசைனை பட்டர் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாக ஓட்டை குத்தி, மண்ணெண்ணெயில் கரைத்த வெள்ளைப் பவுடரைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக டிசைன் இறங்கும். நூல் துணிக்கு அடியில் இருக்கும். மேலே இருக்கிற கையில் ஆரி ஊசி, அதன் நுனியில் ஒரு குட்டிக் கொக்கி. ஊசியில் மணிகளை ஏற்றிக்கொண்டு துணியைக் குத்தி, அடியில் இருக்கிற நூலைக் கொக்கியில் பிடித்து, மணிக்குள்ளே நுழைத்து மேலே இழுக்க வேண்டும். அடியில் இருக்கும் கை என்ன செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு குத்துக்கும் அந்தக் கைதான் நூலை ஊசியில் சுற்றிக் கொடுக்கணும். ரொம்பப் பொடி மணியாக இருந்தால் ஆரி ஊசி நுழையாது. மெல்லிய சாதாரண ஊசியில் ஒவ்வொன்றாகத் தைக்க வேண்டியதுதான்.

மணிக்கு நம்பர் உண்டு. 8/0, 11/0, 15/0 என்று போகும். நம்பர் ஏற ஏற மணி சின்னதாகும், ஒயர் கேஜ் மாதிரி. 11/0 என்றால் சுமார் 2 மில்லிமீட்டர். 15/0 பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது.

எனக்கு 11 வயசில் அம்மா இதைக் கற்றுக்கொடுத்தார். பாரம்பரியத்தைக் காப்பாற்ற இல்லை. தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் குவியும், கை பத்தாது, அவ்வளவுதான். அக்காவும் நானும் சட்டத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்போம். 17 வயசில் நான் நிறுத்தினேன். எஸ்.பி.எம்., அப்புறம் மெட்ரிகுலேஷன், அப்புறம் பொறியியல். அந்த முடிவு சரியான முடிவுதான். இன்னொரு தடவை அதே வயசு வந்தாலும் அதையேதான் செய்வேன். நாலு வருஷம் கழித்து, போன செமஸ்டர் விடுமுறையில் மறுபடியும் ஊசியை எடுத்தேன்.

திரும்பி வருகிறவனிடம் ஊர் இரண்டு கேள்வி கேட்கும். ஏன் விட்டாய்? இப்போது ஏன் வந்தாய்? முதல் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு இருக்கும். இரண்டாவதில் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் நான் கவனித்தது வேறு. என்னிடம் முதல் கேள்வியை யாருமே கேட்கவில்லை. நான் நிறுத்தியபோது மாமா, சித்தப்பா எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நல்லது, பையன் படிக்கட்டும்." அக்கா எனக்கு இரண்டு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருந்தார், அவரும் படிக்கத்தான் போனார். அவருக்குக் கிடைத்த வசனம் வேறு: "பொம்பளப் பிள்ளை, கைவேலையெல்லாம் விட்டுடுச்சு பாரு. அம்மாவுக்கு அப்புறம் இதெல்லாம் யாரு செய்வா?"

ஒரே வீடு, ஒரே சட்டம், ஒரே ஊசி. ஒருவருக்கு அது முன்னேற்றம், இன்னொருவருக்கு அது நன்றி மறந்த செயல். நம் இயக்கத்திலும் பண்பாடு அழிகிறது என்ற பேச்சு அடிக்கடி வருகிறது, வரவேண்டியதுதான். ஆனால் அதைப் பேசும்போது நாம் யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம்? கோலம், பூக்கட்டுதல், மணிவேலை என்று வந்தால் பார்வை தானாகப் பெண்கள் பக்கம் திரும்புகிறது. இத்தனைக்கும் வடஇந்தியாவில் ஆரி, சர்தோசி பட்டறைகளில் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்தவர்களில் ஆண்கள் நிறைய. கட்ச் பகுதியில் ஆரிக் கொக்கியைப் பிரபலப்படுத்தியவர்கள் தோல் வேலை செய்த மோச்சி சமூகத்தார். பெண்ணின் வேலை என்று நாம் ஒட்டிய லேபிள் அந்த ஊசிக்குத் தெரியாது. நான் தைப்பதைப் பார்த்து ஒரு நண்பன் சிரித்தபோது இதை அவனிடம் சொன்னேன். அவன் இன்னும் கொஞ்சம் சிரித்தான். சரி, போகட்டும்.

பாரம்பரியம் என்கிற காரணத்தை இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் நம்மிடம் அடிக்கடி வைக்கப்படுகிற காரணம் அதுதான். நம்ம நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பெரானாக்கான் பெண்களின் மணிவேலை. காசுட் மானேக் என்று சொல்லும் மணிச் செருப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'மானேக்' நம்ம 'மணி'க்குச் சொந்தக்காரச் சொல்தான். பிடாங்கான் என்ற மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஐரோப்பாவிலிருந்து வந்த பொடிக் கண்ணாடி மணிகளை ஒவ்வொன்றாகத் தைத்தார்கள். சிங்கப்பூர் பெரானாக்கான் அருங்காட்சியகத்தில் பினாங்கிலிருந்து வந்த ஒரு மேசை விரிப்பு இருக்கிறது. அதில் மட்டும் சுமார் 10 லட்சம் மணிகள். 10 லட்சம் தடவை யாரோ குனிந்து ஊசி குத்தியிருக்கிறார்கள்.

அந்த வேலை ஒரு தலைமுறையில் பெருமளவு நின்றுபோனது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் செல்வம் கரைந்தது ஒரு காரணம். ஆனால் அதற்கும் முன்னாடியே இன்னொரு மாற்றம் தொடங்கிவிட்டது. அந்தக் காலத்து நோன்யா பெண்பிள்ளைகள் கல்யாணம் வரைக்கும் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர்கள். மணிவேலை அவர்கள் பொறுமைக்கு ஒரு சான்றிதழ் மாதிரி. மாமியார் வீட்டில் காட்ட வேண்டியது. சிங்கப்பூரில் 1899-ல் சீனப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மெதுவாக, பெண்கள் சட்டத்தை விட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். இதை ஒரு கலையின் வீழ்ச்சி என்று மட்டும் எப்படி எழுதுவது? அந்த 10 லட்சம் மணி விரிப்பைப் பார்த்து வாய் பிளக்கும்போது, அதைத் தைத்தவளுக்கு வெளியே போக அனுமதி இருந்ததா என்றும் கேட்கத்தான் வேண்டும். இன்றைக்கு அந்த வேலையை மறுபடியும் கற்கிறவர்கள் விரும்பிக் கற்கிறார்கள். மாமியாருக்காகக் கற்கவில்லை. தையல் அதேதான், ஆனால் அதில் உட்காருகிறவரின் நிலை வேறு.

இன்னும் பின்னால் போனால் இந்தக் கதை நம்மிடமே வருகிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேடு ஒரு காலத்தில் கண்ணாடி மணிகள் செய்த பெரிய இடம். உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த சின்னச் சின்ன மணிகள். ஆய்வாளர்கள் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்பார்கள். அதே வகை மணிகளைக் கெடாவில் சுங்கை மாஸ் என்ற இடத்திலும் செய்திருக்கிறார்கள் என்பதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேட்டில் வேலை நின்றது. சுங்கை மாஸிலும் நின்றது. வேறு எங்கோ, வேறு யாரோ தொடர்ந்தார்கள். பாரம்பரியம் என்றதும் அறுபடாத ஒரு சங்கிலியை மனசில் வரைகிறோம், அதை அறுத்த பாவி நானாக இருக்கக்கூடாது என்று பயப்படுகிறோம். நிஜத்தில் பார்த்தால் விட்டதும் எடுத்ததுமாகத்தான் அது வந்திருக்கிறது.

ஆகவே பாரம்பரியத்துக்காகத் திரும்பினேன் என்று நான் சொல்லமாட்டேன். பணத்துக்காக என்றும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வந்துவிட்டது. கை வேலைக்கு மரியாதை இருந்தாலும் மணி நேரத்தைக் கணக்குப் போட்டால் டியூஷன் சொல்லிக்கொடுப்பதில் இதைவிடக் காசு. மனஅழுத்தம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் 15/0 மணியைக் கீழே கொட்டியதில்லை போல.

பிறகு ஏன்? இந்தக் கேள்வியோடுதான் நான் மறுபடியும் 6-ஆம் அத்தியாயத்துக்குப் போனேன். கண்ணன் பதிலில் முதலில் வருவது ஆறுதல். நல்லதைச் செய்தவன் யாரும் கெட்டுப்போவதில்லை என்கிறான். பாதியில் விட்டவன் அடுத்த பிறவியில் நல்ல குடும்பத்தில் பிறப்பான், விட்ட இடத்து அறிவு அவனிடம் மறுபடி வந்து சேரும், பழைய பயிற்சி அவன் கேட்காமலேயே அவனை இழுக்கும் என்கிறான். இந்த 'கேட்காமலேயே' என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அதை நான் சட்டத்தின் முன்னால் பார்த்திருந்தேன். நாலு வருஷம் கழித்து உட்கார்ந்த முதல் நாள், துணிக்கு அடியில் இருந்த என் இடது கை நான் யோசிப்பதற்கு முன்பே நூலை ஊசியில் சுற்றிக் கொடுத்தது. யாரோ வேறு ஆளின் கை மாதிரி இருந்தது. பயிற்சி எங்கேயும் போகவில்லை, அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அப்படியே இருந்திருக்கிறது.

ஆனால் மேலே நடந்தது வேறு. மணிவரிசையில் ஒரு கணக்கு உண்டு. மூன்று மணிக்கான இடத்தில் நாலு மணி தைத்தால் வரி மேடு தட்டும். நாலுக்கான இடத்தில் மூன்று தைத்தால் இடையில் நூல் பல்லைக் காட்டும். அந்த அளவு என் கையிலிருந்து போய்விட்டது. அதைவிட மோசம், கண்ணிலிருந்து அது போகவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் அது கோணல் என்று எனக்கு உடனே தெரிந்தது, ஆனால் திருத்தத் தெரியவில்லை. புதுசாகக் கற்கிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தான் செய்தது எவ்வளவு மோசம் என்று அவனுக்குத் தெரியாது, சந்தோஷமாக அடுத்த வரிக்குப் போவான். திரும்பி வந்தவனுக்குத் தெரியும். ஒரு கை பார்டர், 13 வயசில் நான் ஒரு மாலைப் பொழுதில் முடித்தது, இப்போது மூன்று நாள் இழுத்தது.

"என்னம்மா, எல்லாம் மறந்து போச்சே?" என்றேன்.

"மறக்கலடா தம்பி. அவசரப்படுற. பழைய ஸ்பீடுக்குக் கை போகுது, அளவு வரமாட்டேங்குது. மெதுவாப் போ."

பலரும் இரண்டாவது தடவை விடுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். முதல் தடவை விட்டதற்குத் தேர்வு, வேலை என்று காரணங்கள் இருந்தன, மரியாதையாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை விடுவது வெட்கத்தால். நன்றாகப் பாடிய ஒருவர் பத்து வருஷம் கழித்துக் கோயிலில் தேவாரம் பாட எழுந்திருக்காததற்கு அந்த வெட்கத்தைவிடப் பெரிய காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குரல் உடையும் என்று அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் உடையாது என்றும் தெரியும்.

அப்பியாசம், வைராக்கியம் என்ற அந்த இரட்டைச் சொல்லை நான் இதுவரை ஒரு மாதிரியாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். ஒன்றைச் செய்துகொண்டே இருப்பது அப்பியாசம், ஒன்றை விட்டுவிடுவது வைராக்கியம் என்று. அப்படிப் பார்த்தால் மணியை விட்டது வைராக்கியம், எடுத்தது அப்பியாசம் என்று ஆகிவிடும், அதில் பெரிய அர்த்தம் இல்லை. இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. திரும்பி வருகிறவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். மணியைப் பிடிக்கணும், மணி தைத்த அந்தப் பழைய கெட்டிக்காரப் பையனை விடணும். "இவன் கை என்ன சுத்தம்" என்று வாடிக்கையாளர் அக்காமார்கள் கொஞ்சிய அந்த 13 வயசுக்காரன்தான் எனக்கும் சட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். பற்று என்றால் காசு, வீடு, கார் மேல் இருப்பது என்று நினைக்கிறோம். ஒருகாலத்தில் நமக்கு இருந்த திறமையின் மேல் இருக்கும் பற்று அதைவிடப் பிசுபிசுப்பானது.

இதற்கு ஒரு எதிர்க்கேள்வி உண்டு. சரி, விடுவதும் பரவாயில்லை, திரும்புவதும் நல்லது என்றால், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எதையும் விட்டுவிட்டுப் போகலாமா? கீதையையே சாக்காக வைத்துக்கொண்டு? என் பதில், கலையை விடுவது வேறு, கலையில் நம்மை நம்பி இருக்கும் ஆளை விடுவது வேறு. ஆரித் தையல் சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணிக்குள்ளேயும் அடுத்த கண்ணி நுழைந்துகொண்டே போகும். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், தப்பே இல்லை. ஆனால் கடைசிக் கண்ணியைப் பூட்டிவிட்டுத்தான் நூலை அறுக்கணும். பூட்டாமல் போனால் யாராவது நுனியைத் தெரியாமல் இழுத்தாலும் வரி முழுசும் உருவிக்கொண்டு வந்துவிடும், மணிகள் தரையில் ஓடும். நான் 17 வயசில் நிறுத்தியபோது கையில் இருந்த பிளவுஸை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினேன். அதில் என் பெருமை ஒன்றும் இல்லை, அம்மா விட்டிருக்கமாட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தேவார ஆசிரியர் பாய் விரித்து, எட்டுப் பிள்ளைகள் வருவார்கள் என்று உட்கார்ந்திருக்க, மூன்று பேர் மட்டும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மீதிப் பேர் நின்றுவிட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் அவர் எட்டுப் பேருக்குத்தான் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். நிற்பது அவர்கள் உரிமை. சொல்லிவிட்டு நிற்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

இப்போது வீட்டில் வேலை ஒரு மாதிரி பிரிந்திருக்கிறது. அம்மாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. பொடி மணி வேலையை இரண்டு வருஷமாக எடுப்பதில்லை, வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். விடுமுறையில் நான் இருந்தால் சிலதை எடுக்கிறார். எனக்குக் கண் இருக்கிறது, அளவு இன்னும் முழுசாக வரவில்லை. அவருக்கு அளவு விரலில் இருக்கிறது. தைத்த வரியை விரலால் தடவிப் பார்த்தே "இங்க ஒண்ணு கூடப் போச்சு" என்பார். அவர் தடவ, நான் பிரிக்க, இப்படித்தான் போகிறது. செமஸ்டர் திறந்தால் மறுபடியும் நிற்கும். அடுத்த விடுமுறையில் மறுபடியும் அளவு கொஞ்சம் போயிருக்கும்.

அக்கா திரும்பவில்லை. கேட்டுப் பார்த்தேன். வேண்டாம் என்றார், அவ்வளவுதான். ஆசை இல்லை, நேரமும் இல்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை என்றார். வீட்டுக்கு வரும் பெரியவர்கள் இன்னும் அந்தப் பழைய வசனத்தை அவரிடம் சொல்லத்தான் செய்கிறார்கள். இப்போது நான் குறுக்கே பேசுகிறேன்: "நான் இருக்கேன்ல, என்கிட்ட கேளுங்க." அவர்களுக்கு அது ஒரு ஜோக் மாதிரி இருக்கிறது.

போன மாசம் ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். சட்டத்தின் பக்கத்தில் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து போனவர் ஒரு நொடி நின்றார். "மூணாவது வரி, அந்த மாங்கா வளைவுல, ஒரு மணி கூட இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். குனிந்து எண்ணிப் பார்த்தேன். கூடத்தான் இருந்தது.